சத்தம் வராத செட்டு

ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்துக்குக் கீழே
மைதீன் பிச்சையின் கடை.
கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று வரிசை பழைய போன்கள்,
ஒவ்வொன்றின் நெற்றியிலும் விலைச்சீட்டு.
அவர் மீசையை மழித்திருந்தது நல்லதாய்ப் போயிற்று.
மீசைக்காரர்கள் பேச்சு எனக்குப் பாதிதான் கிடைக்கும்.

ஆனாலும் உதடு மோசக்காரி.
பணமும் மணமும் அதற்கு ஒரே அசைவு.
படியும் மடியும் கூட.
ஆகவே பில் புத்தகத்தைத் திருப்பி எழுதினேன்:
‘முன்கேமரா நல்லா இருக்கணும். மூவாயிரத்துக்குள்ள.’

முதலில் தந்தது மினுமினுத்தது.
கேமராவைத் திறந்து எட்வினைக் கூப்பிட்டுப் பார்த்தேன்.
இடப்புருவத்தை இரண்டு விரலால் கீறுவது;
அங்கே அவருக்கு ஒரு தழும்பு உண்டு,
எங்கள் கைகளில் அதுதான் அவர் பெயர்.
திரையில் விரல்கள் ரசம் மாதிரிக் கலங்கின.

இரண்டாவதன் முதுகு உப்பியிருந்தது.
பிச்சையே பிடுங்கி வைத்துக்கொண்டு எழுதினார்:
‘இது வேண்டாம்க்கா. சவம், பேட்டரி வீங்கிட்டு.’
தன் சரக்கைத் தானே சவம் என்கிறவர்மேல்
எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

மேஜை ஓரத்தில், உதிரிபாகங்களுக்கான
பிஸ்கட் டப்பாவில் இன்னொன்று கிடந்தது.
விலைச்சீட்டு இல்லை.
‘ஸ்பீக்கர் போச்சு. மைக்கும் போச்சு. ஊமைச் செட்டு’
என்று எழுதியவர்
கடைசி இரண்டு சொல்லையும் அவசரமாக அடித்தார்.
காதுமடல் வரை சிவந்துவிட்டார் மனிதர்.
நான் சிரித்தேன்.
சத்தமாகத்தான் சிரித்திருக்க வேண்டும்,
வாசலில் சர்பத் குடித்தவர் திரும்பிப் பார்த்தார்.

புருவம். இரண்டு விரல்.
விரல்கள் விரல்களாகவே இருந்தன.
விளக்கை அணைக்கச் சொன்னேன்.
அப்போதும்.
காறை எலும்பில் வைத்து அழுத்தி
அதிரவிடச் சொன்னேன்:
தலைக்குமேல் பாலத்தில் பஸ் போகிற மாதிரி வந்தது.
பழைய பில்லும் இருந்தது.
இரண்டாயிரத்து எழுநூறு என்றார். நானூறு குறைத்தேன்.
பாதி செத்தது என்று அவரே ஒதுக்கியதற்கு
முழு உயிரின் விலையா கொடுப்பது?

ரீசார்ஜ் அட்டவணையில்தான் தகராறு.
எல்லாத் திட்டத்தின் தலையிலும் ‘அளவில்லாப் பேச்சு’.
பேச்சைக் கழித்துக்கொண்டு டேட்டாவுக்கு மட்டும்
எவ்வளவு என்று கேட்டேன்.
அப்படி வராதாம்.
அரிசியோடு கல் வருவது போல
பேச்சும் சேர்ந்துதான் வருமாம்.

‘தினம் ஒரு ஜிபி போதுமே’ என்றார்.
வாயால் பேசுகிறவர்களுக்குப் போதும்.
நாங்கள் ஒரு சண்டை போட்டாலே முக்கால் ஜிபி.
ஒன்றரையே போடச் சொன்னேன்.
இருபத்தெட்டு நாள்.
அச்சகத்தில் சம்பளம் ஏழாம் தேதி,
அதுவும் முதலாளி ஊரில் இருந்தால்.
இவர்கள் மாதம் என் மாதத்துக்கு முன்னாலேயே
மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடும்.

என் அளவில்லாப் பேச்சை யாருக்காவது
கொடுக்க முடியுமென்றால்,
பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து
வண்ணார்பேட்டையிலிருந்து பாளை மார்க்கெட் வரை
வாயை மூடாமல் வந்த அந்தப் பச்சைச் சேலைக்காரிக்குக்
கொடுத்திருப்பேன். பாவம்,
இறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இரவு, உப்பு டப்பாவில் சாய்த்து நிறுத்தினேன்.
இரண்டு கையும் வேண்டுமே.
ஓசூரில் ஷிப்டு முடிந்து
திரைக்குள் வந்து நின்றார் எட்வின்.
கண்ணைச் சுருக்கி, முதலில் சொன்னது:
‘நகத்தில் பசை காய்ந்திருக்கிறது.’

நாள் முழுக்க அட்டை ஒட்டுகிற விரல்கள்.
இரண்டு வருஷமாகப் பழைய போனில்
அவருக்கு வெறும் கைகள்தான் தெரிந்திருக்கின்றன,
நகம் தெரிந்ததில்லை.

எவ்வளவு ஆயிற்று என்றார்.
ஆயிரத்து எண்ணூறு என்றேன்.
பொய் சொல்லும்போது என் கை
ஒரு விரற்கடை தாழ்ந்துவிடும்.
அதையும் காட்டிக்கொடுத்திருக்கும் இந்தச் சவம்.

தழும்பு மெல்ல மேலே ஏறியது.